லாவெய் வெட்டிய இரண்டு வயல்

லாவெய்க்கு இடது காலில் சேற்றுப்புண் முழுதாக ஆறி நான் பார்த்ததில்லை. மழை நின்று நெல்தாள் காய்கிற மாதத்தில் கொஞ்சம் வறண்டு தோல் உரியும். அதற்குள் அடுத்த நாணல் எரிப்பு வந்துவிடும், மறுபடியும் சேற்றில் இறங்க வேண்டும். கற்பூர மரத்து இலையை மென்று விரலிடுக்கில் அப்பிக்கொண்டு வயலுக்குக் கிளம்புவாள். வலிக்கிறதா என்று யாராவது கேட்டால், எந்த விரலைக் கேட்கிறாய் என்று திருப்பிக் கேட்பாள்.

அவள் எனக்கு ஓரகத்தி. மூத்தவன் தோக்குவுக்கு அவளைக் கட்டினார்கள், இளையவன் பியானுக்கு என்னை. சதுப்பின் ஓரத்தில், மரத்தூண்களின் மேல் நின்ற நீள வீட்டில் ஏழு அடுப்புகள். கிழக்கிலிருந்து மூன்றாவது அவளுடையது, நான்காவது என்னுடையது. நடுவில் ஒரு கோரைப்பாய்தான் தடுப்பு. அவள் பெருமூச்சு விட்டால் நம் பக்கத்துச் சாம்பல் பறக்கிறது என்று பியான் கேலி செய்வான். ஆகையால் அவளைப் பற்றி நான் பிறர் சொல்லிக் கேட்டது குறைவு. கண்ணால் பார்த்ததும், பாய்க்கு இந்தப் பக்கம் கிடந்து காதால் கேட்டதும்தான் அதிகம்.

நான் சதுப்பிலேயே பிறந்தவள். அவளுடைய இடம் மலையடிவாரம், ஆற்றை எதிர்த்து மூன்று நாள் துடுப்புப் போட வேண்டும். அவர்கள் நெல் போடாதவர்கள். இலை உதிரும் காலத்தில் கருவாலி மரங்களுக்குக் கீழே கொட்டை பொறுக்குவார்கள். அது வாயில் வைக்க முடியாத கசப்பு. குழியில் போட்டு, தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, கசப்பு இறங்கிய பிறகு இடித்துக் களி கிண்டுவார்கள். பனிக்காலத்தில் மான் பின்னால் போவார்கள். தண்ணீர் வெதுவெதுப்பானால் மீனுக்காக ஆற்று வளைவுக்கு இறங்குவார்கள். ஒரு வருடத்தில் மூன்று நான்கு முறை பாயும் சட்டியும் முதுகில் ஏறும். அவளுடைய அப்பா மான்கொம்பைக் கொடுத்து நெல் வாங்க வந்தவர், எங்கள் வீட்டுப் பரணில் நெல் குவிந்திருந்ததைப் பார்த்துவிட்டு மகளை இங்கே கொடுப்பதென்று அப்போதே முடிவு செய்தாராம்.

"அங்க போனா ஒரே எடத்துல இருந்துக்கிட்டு சாப்புடலாம், தூக்கிக்கிட்டு அலைய வேண்டாம்னு எங்கப்பா சொன்னாரு," என்று லாவெய் பின்னாளில் சொல்வாள். "அலைச்சல் நின்னுச்சு, ஒத்துக்கிறேன். தூக்குறதுதான் நிக்கவே இல்ல."

வந்த புதிதில் அவளுக்குச் சேற்றில் நடக்கத் தெரியவில்லை. காலைத் தூக்கித் தூக்கி வைப்பாள். பெண்கள் எல்லாரும் கொக்கு, கொக்கு என்று கூப்பிட்டார்கள். எருமையின் தோள்பட்டை எலும்பைக் காம்பில் கட்டிய மண்வெட்டியைக் கையில் கொடுத்தபோது, இந்த மாட்டைக் கொன்றது யார் என்று கேட்டாளே தவிர, இதை வைத்து என்ன செய்வது என்று கேட்கவில்லை. மற்றவர்கள் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். இரண்டாவது அறுவடைக்குள் அவளைப் போல வேர்க்கட்டியை அலுங்காமல் பெயர்க்கிற ஆள் ஏழு அடுப்பிலும் கிடையாது. தண்ணீர் எந்தப் பக்கம் சாயும் என்பது அவள் பாதத்துக்கே தெரிந்திருந்தது. அதன் பலன், எந்த வரப்பு உடைந்தாலும் முதலில் அவளைத்தான் எழுப்பினார்கள்.

தோக்கு மரவேலைக்காரன். தூணில் துளை போட்டு, உத்தரத்தின் நாக்கை அதில் செருகிவிட்டால், ஒரு கயிறு இல்லாமல் வீடு நிற்கும். வேலையில் கெட்டிக்காரன், வயலுக்கு மட்டும் எப்போதும் தாமதமாக வருவான். வந்ததும் வரப்பில் நின்றுகொண்டு பேசுவான். என் பெண்டாட்டி வெட்டினால் வரப்பு தூண் மாதிரி நேராக இருக்கிறது பாருங்கள் என்று ஒருநாள் ஊருக்கே கேட்கும்படி சொன்னான்.

"அப்ப தூணையே நட்டுட்டுப் போங்க," என்றாள் அவள், நிமிராமல். "நான் வீட்டுக்குப் போயி படுக்கறேன்."

நெல் பொல்லாத பயிர். எல்லாம் பழுக்கட்டும் என்று விட்டால் முதலில் பழுத்த மணி தண்ணீரில் உதிர்ந்துபோகும். அவசரப்பட்டு அறுத்தால் பாதி பதர். ஒரே வயலுக்குள் மூன்று தடவை, நான்கு தடவை நுழைந்து, பழுத்த கதிராகப் பார்த்து அறுக்க வேண்டும். அதற்கு முன்னால் களை, அதற்கு முன்னால் விதைப்பு, அதற்கும் முன்னால் நாணலை எரித்து வேரை வெட்டுவது. பிறகு காட்டுப்பன்றி, குருவி. அறுத்தபின் உலர்த்துவது, உரலில் குத்துவது, தூற்றுவது. இவ்வளவும் செய்த பிறகும் அரிசி பனிக்காலத்தின் பாதிவரைதான் வரும். மீதிக்குக் குளத்தில் விளையும் கொம்புக் காயும், விரால் மீனும், இருக்கவே இருக்கிறது கசப்புக் கொட்டையும். மழைக்காலத்தில் தூண் அடியில் அழுகும். வீட்டுக்கும் வருடா வருடம் வேலை.

அவளுக்கு நான்கு குழந்தைகள் பிறந்தன, சிமா மட்டும் தங்கினாள். மற்ற மூன்றையும் எங்கள் வழக்கப்படி மூடி போட்ட சட்டியில் வைத்து வீட்டுத் தூண்களுக்குப் பக்கத்தில் புதைத்தோம். ஒருமுறை அந்தப் பக்கத் தூண் அழுகியபோது, தோக்கு புதுத் தூணை இரண்டு முழம் தள்ளி நட்டான். தளம் அதனால் கடைசிவரை கோணலாகவே இருந்தது. இவ்வளவு தெரிந்தவன் இப்படி நட்டிருக்கிறானே என்று யாரும் கேட்கவில்லை.

அவள் வந்து பதினேழாவது அறுவடையில் கடல் ஏறியது.

பட்டப்பகலில்தான் வந்தது. முழுநிலவுக்கு மறுநாள், கிழக்குக் காற்று மூன்று நாளாக விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. இரண்டாம் முறை கதிர் அறுக்க நாங்கள் எல்லாரும் வயலில் இருந்தோம். ஓடையில் தண்ணீர் பின்னோக்கிப் போகிறது என்று லாவெய் சொன்னாள். யாரும் காதில் வாங்கவில்லை, ஓடை அப்படி அவ்வப்போது எதிர்த்து ஓடும். கொஞ்ச நேரத்தில் வரப்பைத் தாண்டியது. ஆரவாரம் எதுவும் இல்லை, கஞ்சி பொங்கி வழிவது போல வழிந்தது. முழங்கால், தொடை, இடுப்பு. கூடைகளைத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். வழியில் லாவெய் ஒரு கை தண்ணீரை அள்ளி வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினாள்.

நான்கு நாளில் தண்ணீர் வடிந்தது. கதிர் அப்படியேதான் நின்றது, அதை அறுத்தும் சாப்பிட்டோம். தப்பித்தோம் என்றுதான் நினைத்தோம். அடுத்த வருடம் விதை போட்டபோதுதான் தெரிந்தது. முளை வந்தது. ஒரு சாண் வளர்ந்ததும் நுனி சிவந்தது, பிறகு வெளுத்தது, பிறகு படுத்துவிட்டது. வெயில் அடித்த இடங்களில் மண்ணின் மேல் பொரி மாதிரி வெள்ளையாகப் பூத்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்க்கவே வேண்டாம்.

அந்தப் பனிக்காலம் முழுக்க ஓடையோரம் கரை போட்டோம். கரை போட வேண்டும் என்றது லாவெய்தான். கடலைத் தடுத்துவிட்டால் மழை உப்பைக் கழுவிவிடும், இரண்டு வருடம் பொறுத்தால் வயல் திரும்பக் கிடைக்கும் என்றாள். ஏழு அடுப்புக்காரர்களும் பக்கத்து வீடுகளும் சேர்ந்து களிமண் சுமந்தோம். ஆண்கள் மரமுளை அடித்தார்கள், பெண்கள் நாணலைப் பின்னிக் கட்டினோம், மண்ணைக் கொட்டி மிதித்தோம். கூடைப் பட்டை நெற்றியில் அழுத்திய தடம் எங்கள் எல்லார் நெற்றியிலும் இருந்தது. உறைபனியில் மண் வெட்ட வராது, காலையில் அதன் மேல் நெருப்புப் போட்டுத்தான் வெட்டினோம்.

தோக்குவின் உள்ளங்கையில் முளைச் சிலாம்பு ஏறியது அந்த வேலையில்தான். சின்னக் காயம். அவனே பல்லால் கடித்துப் பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். ஆறாம் நாள் வாய் திறக்க முடியவில்லை என்றான். ஓயாமல் பேசுகிறவன் இப்படிச் சொன்னதும் பியான் சிரித்துவிட்டான். பிறகு முதுகு வில்லாக வளைந்தது. எட்டாம் நாள் இறந்துபோனான்.

ஒன்பதாம் நாள் காலையில் லாவெய் கூடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஊரில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். புருஷனை மண்ணில் வைத்த கை இன்னும் காயவில்லை, இவள் மண் சுமக்கப் போகிறாள் என்றார்கள். அக்கா, இன்றைக்கு ஒருநாள் வீட்டில் இரு, நான் உன் பங்கையும் சுமக்கிறேன் என்று கெஞ்சினேன்.

"நாளன்னைக்கு நெலா நிறையுது," என்றாள். "அவரு அடிச்ச முளை அங்க வெறுமனே நிக்குது. மண்ணு போடலைன்னா அதையும் தண்ணி கொண்டு போயிரும். அழுகைக்கு என்ன, எப்ப வேணா அழுதுக்கலாம்."

அவள் அழுது நான் கேட்டதில்லை. நடுவில் ஒரு பாய்தான் என்று முன்பே சொன்னேன்.

கரை நின்றது. அந்த வருடமும் அடுத்த வருடமும் நின்றது. மூன்றாவது வருடம் பயிர் பச்சை பிடித்தது. முன்பு போல இல்லை, ஆனாலும் பயிர். கதிர் வெளியே வந்து பால் பிடித்திருந்த நேரத்தில் புயல் வந்தது. கரையின் நடுவில் பத்து ஆள் நீளத்துக்கு ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. முளைகள்கூட இல்லை.

அதன் பிறகு யாரும் கூட்டம் போட்டு முடிவெடுக்கவில்லை. ஒவ்வொரு அடுப்பாக அணைந்தது. சிலர் சிப்பி பொறுக்கிப் பிழைக்கலாம் என்று கடலோரம் போனார்கள். சிலர் தெற்கே சொந்தக்காரர்களிடம் போனார்கள். பியான் முடிவெடுக்கத் தெரியாதவன், தினமும் கூரையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தான். லாவெய்தான் சொன்னாள், மலையடிவாரத்துக்குப் போகலாம், அங்கே என் தம்பி குவே இருக்கிறான் என்று. எனக்கு ஆச்சரியம். வீட்டுக்கடியில் மூன்று சட்டி இருக்கும்போது அவள் நகர மாட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

"அங்க யாரும் மண்ண வெட்ட வேண்டாம்டி," என்றாள். "கொட்டை தன்னால விழும். பொறுக்கணும், ஊற வைக்கணும், அவ்வளவுதான். அந்த எடம் காலியாச்சுன்னா அடுத்த எடம். இருபது வருஷம் இந்தச் சேத்துல நின்னாச்சு. இனிமே மண்ணுல கை வைக்க மாட்டேன்."

தோணியில் நாங்கள் நான்கு பேர்: அவள், சிமா, பியான், நான். எனக்குப் பிள்ளை தங்கவில்லை. நாய் ஏற மறுத்தது, விட்டுவிட்டோம். விதைநெல் ஒரு கூடை மிச்சமிருந்தது. அதை என்னத்துக்கு, பாரம், விட்டுவிடு என்றாள் லாவெய். வழியில் கஞ்சிக்கு ஆகும் என்று பொய் சொல்லிப் பாய்க்கடியில் வைத்துக்கொண்டேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வெறுங்கையோடு ஒரு வீட்டுக்குப் போக மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்று நாள் பயணம் எங்களுக்கு ஐந்து நாளானது. மூன்று பேர்தான் துடுப்புப் போட்டோம். லாவெய் தோணியின் முன்பக்கம் உட்கார்ந்து, வழியெல்லாம் சிமாவிடம் மலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தாள். எந்த மரத்துக் கொட்டை சீக்கிரம் கசப்பு விடும், எந்த ஓடையில் கல்லுக்கடியில் நண்டு இருக்கும் என்றெல்லாம். அவள் தொடர்ந்து அவ்வளவு பேசி நான் கேட்டது அந்த ஐந்து நாளில்தான்.

ஐந்தாம் நாள் மதியம் ஆற்று வளைவு வந்தது. கரையில் புகை தெரிந்தது. குவே ஓடிவந்து தோணியை இழுத்துப் போட்டான். அக்காவைப் போலவே நீண்ட கை, நீண்ட கழுத்து. அவனுடைய பெண்டாட்டி இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று, பாவாடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு என்று பின்னால் வந்தாள். அவன் கால்கள் முழங்கால்வரை சேறாக இருந்ததை நான் பார்த்தேன். லாவெய் அதற்கு முன்பே பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். அவள் தோணியிலிருந்து இறங்கவில்லை.

"அக்கா, நீ வந்தது ரொம்ப நல்லதாப் போச்சு," என்றான் குவே. அவன் முகம் மலர்ந்துபோயிருந்தது. "வயல் வெட்டத் தெரிஞ்ச ஆளு இந்தப் பக்கத்துல ஒருத்தரும் இல்ல. நாங்களா ஏதோ வெட்டி வெச்சிருக்கோம். தண்ணி நிக்கவே மாட்டேங்குது. வா, வந்து பாரு."

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தோணியின் விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சத்தமில்லாத சிரிப்பு, தோள் மட்டும் குலுங்கியது. சிமா பயந்துபோய் அம்மாவின் முதுகைத் தடவினாள். குவேவுக்கு ஒன்றும் புரியவில்லை. நீண்ட பயணம், களைப்பு என்று அவனாகவே பெண்டாட்டியிடம் சொன்னான்.

அவன் சொன்னதையெல்லாம் அன்று சாப்பிடும்போது கேட்டோம். இப்போது யாரும் நகர்வதில்லை. நகர இடமில்லை. மேலே வேறு ஆட்கள் வந்து வீடு கட்டிவிட்டார்கள். மான் எட்டிப் போய்விட்டது. கருவாலித் தோப்புகளுக்கெல்லாம் ஆள் இருக்கிறது. கொட்டையும் ஒரு வருடம் கொட்டினால் மறு வருடம் ஏமாற்றிவிடும். வயிறோ நான்கு ஐந்து ஆகிவிட்டது. ஆற்றில் கீழே வேறொரு வளைவில் இருக்கிறவன் கொடுத்த இரண்டு கை நெல்லை வைத்துத் தொடங்கினானாம். மூன்று வருடமாகப் போட்டதுகூடத் திரும்பி வரவில்லை.

லாவெய் களியை உருட்டிச் சாப்பிட்டாள். தான் வயலுக்கு வரப்போவதில்லை என்றாள், தான் வந்தது கொட்டை பொறுக்க என்றாள்.

மறுநாள் காலையில் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள், என்னையும் கூட்டிக்கொண்டு. சின்ன வயதில் பொறுக்கிய தோப்புகளை ஒவ்வொன்றாகத் தேடிப் போனோம். ஒன்று எரிந்து கட்டையாக நின்றது. ஒன்றில் ஏற்கெனவே துடைத்துப் பொறுக்கியிருந்தார்கள். இன்னொன்றில் நாங்கள் குனிந்ததும் ஒரு பெண் கம்போடு வந்தாள். எங்கள் வயதுதான் இருக்கும். திட்டவில்லை, அடிக்க ஓங்கவுமில்லை. இது எங்க மரம் என்று மட்டும் சொன்னாள். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது இந்த மரத்தடியில்தான் படுத்திருப்போம் என்றாள் லாவெய். அதற்கு அவள், "இருக்கலாம்மா. இப்ப என் பிள்ளைங்க படுத்திருக்கு," என்றாள். மடியில் பொறுக்கியதை அங்கேயே உதிர்த்துவிட்டு வந்தோம்.

இப்படிப் பத்து நாட்களுக்கு மேல் போனோம். ஒருநாள் அரைக்கூடை, ஒருநாள் இரண்டு பிடி. போகும்போதும் வரும்போதும் குவேயின் வயலைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். அவள் அதைப் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டு நடப்பாள். அதுவே அவள் பார்க்கிறாள் என்பதற்கு அடையாளம். வயலா அது! நான்கு பக்கமும் உயரம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. கீழ்மூலையில் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மலையோடை நேராக வயலுக்குள் விழுந்தது.

பன்னிரண்டாம் நாளோ பதின்மூன்றாம் நாளோ, குவே கீழ்மூலையில் மண்ணை வைத்து அடித்துக்கொண்டிருந்தான். இவன் அடிக்க அடிக்க அது கரைந்துகொண்டிருந்தது. லாவெய் தாண்டிப் போனாள். பத்தடி போய் நின்றாள். திரும்பாமலேயே, ஓடைத் தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருக்கிறது, அதை அப்படியே உள்ளே விட்டால் நெல் நடுங்கிச் செத்துப்போகும், சுற்றி வளைத்துக் கொண்டுவந்தால் வெயிலில் சூடாகும் என்றாள்.

"வந்து காட்டேன்க்கா."

"சொல்லிட்டேன்ல."

மறுநாள் நாங்கள் வரும்போது அவன் வாய்க்காலை வெட்டி வைத்திருந்தான். வளைத்துத்தான் வெட்டியிருந்தான், ஆனால் மேட்டைப் பார்க்க. தண்ணீர் பாதி தூரம் போய், திரும்பிவந்து, அவன் வீட்டு வாசலில் குளம் கட்டியிருந்தது. அவனுடைய பிள்ளைகள் அதில் குதித்து விளையாடிக்கொண்டிருந்தன. அவன் பெண்டாட்டி விறகை உயரத்தில் எடுத்து வைத்துக்கொண்டே அவனைத் திட்டிக்கொண்டிருந்தாள்.

லாவெய் கூடையைக் கீழே வைத்தாள். அன்று அதில் ஏழு கொட்டைதான் இருந்தது. பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினாள். குவேயின் கையிலிருந்த மண்வெட்டியைப் பிடுங்கிப் பார்த்தாள். மான் எலும்பு, மெல்லியது, காம்பு ஆடியது.

"இத வெச்சு காது கொடையலாம்," என்றாள். "தண்ணி மேட்டுல ஏறுமாடா? உனக்கு யாரு சொன்னது? நீ பொறக்கறப்பவே தலை திரும்பித்தான் வந்தேன்னு அம்மா சொல்லும், நான்தான் நம்பல."

அவன் ஓரமாக ஒதுங்கினான். அவள் முகத்தில் கோபம் இல்லை, விருப்பமும் இல்லை. ராத்திரி யாரோ வெளியில் விட்ட துணி நனைந்து கிடந்தால், போகிற போக்கில் எடுத்து உதறிக் காயப்போடுவோமே, அந்த முகம். நானும் இறங்கினேன். பியானைக் கூப்பிட்டு நல்ல காம்பு ஒன்று செதுக்கச் சொன்னோம்.

அந்தப் பனிக்காலத்திலும் மண்தான் சுமந்தோம். ஒரே பெரிய வயலாக வேண்டாம், சரிவுக்குத் தக்கபடி சின்னச் சின்னதாக ஐந்து வெட்டலாம் என்றாள். வாய்க்கால் மலையைச் சுற்றி, வெயில் விழும் பாறைகளுக்கு அருகில் வந்து, மேல்வயலில் இறங்கி ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மடை. விதைக்கிற நாள் வந்தபோது, கீழ் வளைவுக்காரனிடம் மறுபடி போய்க் கேட்க வேண்டும் என்று குவே தலையைச் சொறிந்தான். நான் பாய்க்கடியிலிருந்த கூடையைக் கொண்டுவந்து வைத்தேன். லாவெய் அதை நெடுநேரம் பார்த்தாள்.

"கஞ்சிக்குன்னு சொன்ன," என்றாள்.

"மறந்துட்டேன்க்கா," என்றேன்.

அவ்வளவுதான் நாங்கள் அதைப் பற்றிப் பேசியது. ஒரு பிடி அள்ளி, தண்ணீரில் போட்டு, மிதந்ததை எடுத்து எறிந்தாள்.

முதல் வருட விளைச்சல் ஆளுக்கு ஒரு மாதம் வந்தது. அடுத்த வருடம் இரண்டு. மூன்றாம் வருடத்திலிருந்து, எங்களுக்குக் கம்பைக் காட்டிய அந்தப் பெண் உட்படச் சுற்றுவட்டாரத்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். லாவெய் யாருக்கும் விளக்கம் சொன்னதில்லை. பாருங்கள் என்பாள், பார்த்துக்கொள்ளட்டும் என்று தன் வேலையைச் செய்வாள். சிமாவை அந்தப் பெண்ணின் மகனுக்கே கட்டினோம். கல்யாணத்துக்குப் பன்றி அடித்தார்கள், அரிசிச் சோறு போட்டார்கள். லாவெய் பந்தியில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். சாய்ந்து விழாமல் நான் தோளைக் கொடுத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

ஏழு அறுவடை இப்படிப் போனது. ஐந்து வயல் பதினொன்றானது. எட்டாவது வருடம் நாணல் எரிக்கிற சமயம், ஒருநாள் மாலை குவே மறுநாள் வேலையைப் பிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தான். மேல்மடை அக்காவுக்கு என்றான்.

"நாளைக்கு நான் வரல," என்றாள்.

உடம்பு சரியில்லையா என்று கேட்டான். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றாள். அப்படியானால் நாளை மறுநாள் வருவாயா என்றான். நாளை மறுநாளும் இல்லை, அதற்கு அடுத்த நாளும் இல்லை, நான் முடித்துவிட்டேன் என்றாள். எந்த வயலை முடித்தாய் என்று அவன் புரியாமல் கேட்டான். பியான்தான் அவன் முழங்கையைத் தொட்டுப் பேச்சை நிறுத்தினான்.

மூன்று நாள் வீட்டில் புகைச்சலாகவே இருந்தது. குவேயின் பெண்டாட்டி சட்டிகளைத் தேவையில்லாமல் சத்தமாக வைத்தாள். எல்லாருக்கும்தான் இடுப்பு வலிக்கிறது, எல்லாரும் உட்கார்ந்துவிட்டால் யார் சோறு போடுவது என்று என்னிடம் சொல்வது போல லாவெய்க்குக் கேட்கும்படி சொன்னாள். அதில் பொய் ஒன்றுமில்லை. எனக்கும்தான் இடுப்பு வலித்தது. லாவெய் சுவரில் சாய்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொடுத்தால் சாப்பிட்டாள், கொடுக்காவிட்டால் கேட்கவில்லை.

நான்காம் நாள் குவே வயலிலிருந்து வந்து, கால்கூடக் கழுவாமல் அவள் முன்னால் உட்கார்ந்தான்.

"மேல்மடை இன்னைக்கு எனக்கு சரியா வந்துருச்சுக்கா," என்றான்.

"தெரியும்," என்றாள். "சத்தம் கேட்டுச்சு."

அதோடு அவளை யாரும் கேட்கவில்லை. இரண்டு வருடம் அப்படி இருந்தாள். எப்போதாவது ஆற்றில் தூண்டில் போட்டாள், மீன் கிடைத்ததும் உண்டு, கிடைக்காததும் உண்டு. சிமாவின் குழந்தை வந்தால் பக்கத்தில் கிடத்திக்கொள்வாள். ஆனால் எடுத்துக்கொண்டு நடக்க மாட்டாள், கனக்கிறது என்பாள். முதல் வருடம் எனக்கு அவள்மேல் கொஞ்சம் கோபம் இருந்தது. பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும்.

களையெடுப்பு மாதத்தில் அவள் போனாள். மூன்று நாளாக மழை. எல்லாரும் வயலில் இருந்தார்கள், நான் மட்டும் வீட்டில் நெல் குத்திக்கொண்டிருந்தேன். மழை விட்டதா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியென்றால் இந்நேரம் மூன்றாம் வயலில் மடையைத் திறந்திருக்க வேண்டும் என்றாள். பியான் போயிருக்கிறான் என்றேன். சரி என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். உரலில் இருந்ததைக் குத்தி முடித்து, தூற்றி, தவிடு தனியாக எடுத்துவைத்த பிறகுதான் போய்ப் பார்த்தேன். உடம்பு இன்னும் சூடாகத்தான் இருந்தது.

மேட்டில், கருவாலிக் கட்டைகளுக்கு நடுவில், முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் படுக்கவைத்து மூடினோம். குவே அன்றும் மறுநாளும் வயலுக்குப் போகவில்லை. அந்த மழையில் ஆறாம் வயல் வரப்பு உடைந்து, பயிர் பாதி ஆற்றோடு போய்விட்டது. அவன் பெண்டாட்டிகூட அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்றாம் நாள் எல்லாரும் போய் வரப்பைக் கட்டினோம்.